அம்மாவின் எலும்பை அரிப்பது யார்?

கேள்வி: எங்களுக்குக் காங்கேயம் பக்கம் தோட்டம்ங்க. அம்மாவுக்கு வயது 61. ஆறு வருடத்துக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடித்து, ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரையும் சாப்பிட்டு, போன வருடம்தான் நிறுத்தினார். நாலு மாதமாக முதுகிலும் வலது தொடையிலும் வலி. மாடு கன்று பார்க்கிறவர், தட்டுக்கட்டு தூக்குகிறவர் என்பதால் சுளுக்கு என்று நினைத்து இரண்டு தரம் எண்ணெய் போட்டு நீவி விட்டோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது எலும்பு ஸ்கேனும் சிடியும் எடுத்துப் பார்த்துவிட்டு முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தொடை எலும்பின் மேல்பகுதி மூன்றிலும் பரவியிருக்கிறது என்கிறார்கள். மார்பையே எடுத்த பிறகு இது எங்கிருந்து வந்தது? மாதம் ஓர் ஊசி போட வேண்டுமாம். அது கேன்சருக்கு இல்லையாம், எலும்புக்காம். கேன்சரை விட்டுவிட்டு எலும்புக்கு எதற்கு ஊசி? அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னதும் புரியவில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் எலும்புக்கு வந்தபோது எலும்பு கெட்டியாகிவிட்டது என்றார்கள்; அம்மாவுக்கு அரித்துவிட்டது என்கிறார்கள். கால்சியம் கொடுத்தால் கேன்சருக்குத் தீனி ஆகிவிடுமா? கட்டு வைத்தியம் பார்க்கலாம் என்கிறார் மாமா. அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
— ஒரு மகள், காங்கேயம்

பதில்: நீங்கள் 'கரண்ட்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கதிரியக்கச் சிகிச்சைதான் என் தொழில். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு செல்களைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த வலது தொடை. உடம்பின் எடையைத் தாங்குவது தொடை எலும்பின் மேல்பகுதி. அங்கே எலும்பு அரிக்கப்பட்டிருந்து, கால் ஊன்றும்போதெல்லாம் வலியும் கூடினால், அந்த எலும்பு முறியும் நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே விழ வேண்டும் என்றுகூட இல்லை. படுக்கையில் புரண்டு படுக்கும்போதும், கழிப்பறையில் குந்தி எழும்போதும் முறிந்து வந்தவர்கள் உண்டு. ஆகவே இந்த வாரமே ஓர் ஆர்த்தோ டாக்டர் அந்தத் தொடையைப் பார்க்கட்டும். இடம் எது, எவ்வளவு பெரிது, அரிப்பா கெட்டிப்பா, வலி எப்படி என்று நான்கு விஷயத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை ஒன்று 1989 முதல் இருக்கிறது. மொத்தம் 12. அதில் 9 அல்லது அதற்கு மேல் வந்தால், முறிவதற்கு முன்பே எலும்புக்குள் கம்பி வைத்துவிடுவதுதான் வழக்கம். முறிந்த பிறகு செய்வதைவிட இது எளிது, நடக்க ஆரம்பிப்பதும் சீக்கிரம். டாக்டர் பார்க்கும் வரை அம்மா வலது காலில் முழு எடையைப் போட வேண்டாம். வாக்கர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் உட்காரவைத்து மண்ரோட்டில் கூட்டிப் போவதை நிறுத்துங்கள்.

முதுகைப் பொறுத்தவரை நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை: கால் மரத்துப் போவது, கால் வலுவிழந்து தடுமாறுவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, பட்டை கட்டி இறுக்குவது போல வயிற்றைச் சுற்றி வலிப்பது. இவற்றில் ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகெலும்புக்குள் தண்டுவடம் நசுங்குகிறது என்பதற்கான அடையாளம் அது. எம்ஆர்ஐயும் கேன்சர் பிரிவும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, கோவைக்கோ பக்கத்தில் எங்கே உண்டோ அங்கே, அந்த ராத்திரியே கிளம்பிவிட வேண்டும். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்க விழுந்த பிறகு வந்தவர்களில் மறுபடி எழுந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மாமாவிடம் சொல்லிவிடுங்கள்: கட்டு வேண்டாம், நீவுவதும் வேண்டாம், முதுகைச் சொடுக்கு எடுப்பது கூடவே கூடாது. மரத்திலிருந்து விழுந்து கை முறிந்த பையனுக்குக் கட்டுப் போடுவது பற்றித் தனியாகப் பேசலாம். இங்கே எலும்பு உள்ளேயே மெலிந்து கிடக்கிறது. அதை அழுத்தித் திருப்பினால் முறியும், முதுகெலும்பில் அப்படிச் செய்தால் கால் போகும். நீங்கள் ஏற்கனவே நீவி விட்டதை நினைத்து மருக வேண்டாம். அதனால் கேன்சர் எலும்புக்கு வரவில்லை.

எக்ஸ்ரேயில் தெரியாததற்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஓர் இடத்தில் எலும்பின் தாது 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அது கண்ணுக்குத் தெரியும். என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்வேன். முன்பு மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு ராத்திரியிலும் விடாத முதுகுவலி சில வாரம் நீடித்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிடக் கூடாது.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம்.

எலும்பு என்றால் காய்ந்த கல் மாதிரி ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓயாமல் கரைந்து, ஓயாமல் திரும்பக் கட்டப்படுகிறது. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. கரைக்கும் வேலையைச் செய்வது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல். ரத்த வெள்ளணுக்களின் வம்சத்தில் வந்தது. பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து உருவாவதால் ஒன்றுக்குள்ளேயே பல உட்கருக்கள் இருக்கும். எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, ஓரத்தை நன்றாக அடைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கும்; பிறகு கேதெப்சின்-கே என்ற நொதியால் மீதியுள்ள புரதத்தைச் செரிக்கும். அந்தக் குழியில் அப்புறம் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து புது எலும்பைக் கட்டும். கரைப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். கட்டும் செல்களில் சில, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட் ஆகிவிடுகின்றன. எலும்பு செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். மெல்லிய கிளைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை உணர்ந்து, எங்கே கரைக்க வேண்டும் எங்கே கட்ட வேண்டும் என்று சமிக்ஞை அனுப்புகின்றன.

கரைக்கும் செல் தானாகக் கிளம்புவதில்லை. அதைக் கிளப்பிவிடும் சமிக்ஞை ரேங்க்-எல் என்ற புரதம். அதைச் சுரப்பது வேறு யாருமில்லை, கட்டும் செல்களின் குடும்பமும் ஆஸ்டியோசைட்டுகளும்தான். கரைப்பு அளவு மீறாமல் இருக்க அதே குடும்பம் ஆஸ்டியோபுரோடிஜெரின் என்ற இன்னொரு புரதத்தையும் சுரக்கிறது. அது ரேங்க்-எல்லைப் பிடித்து அடக்கிவிடும். 1997, 1998 வருடங்களில்தான் இந்த ஜோடி வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது எலும்புக்குப் போடும் ஊசிகளில் ஒன்று அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது.

இனி, ஆறு வருடம் கழித்து எங்கிருந்து வந்தது என்பது. மார்பை எடுத்த அன்றே சில செல்கள் ஏற்கனவே வெளியே போய்விட்டிருந்தன என்பதுதான் பதில். ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது, சுமார் 30 சதவீதம் பேருக்கு அங்கே ஒன்றிரண்டு புற்றுநோய் செல்கள் இருந்தன. அந்த 30 சதவீதத்தில் எல்லோருக்கும் நோய் திரும்புவதில்லை. பல செல்கள் செத்துப்போகும். சில, மஜ்ஜையில் ரத்த ஸ்டெம் செல்கள் (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்கள்) தங்குகிற அதே மூலைகளில் ஒதுங்கி, பெருகாமல் உறங்கிக் கிடக்கும். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ பிடிக்கும் என்பதால் உறங்கும் செல்கள் அதற்குத் தப்பிவிடும். ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளரும், மார்பகப் புற்றுநோய் இப்படி 10, 15, ஏன் 20 வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டுவதுண்டு. மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். ஐந்து வருடம் என்பது பலரும் கடைப்பிடிக்கும் கால அளவு. இன்னும் நீட்டியிருந்தால் அம்மா விஷயத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஏன் எலும்பு? லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல் இதையே கேட்டார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். ரத்தம் போகிற இடமெல்லாம் நோயும் போவதாக இருந்தால் எல்லா உறுப்பிலும் கிட்டத்தட்ட சமமாகப் பரவியிருக்க வேண்டும், அப்படி இல்லை. கல்லீரல், எலும்பு போன்ற சில இடங்களையே அது நாடியது. விதை காற்றில் எங்கும் போகும், ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதுதான் அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் நடந்த ஆராய்ச்சி. மஜ்ஜையில் ரத்தம் மெதுவாக ஓடுகிறது. ரத்த ஸ்டெம் செல்களை அழைத்து இருத்திக்கொள்ள அங்கே சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்-12 என்ற பொருளுக்கு மார்பகப் புற்றுநோய் செல்லும் இணங்கி வருகிறது என்று 2001இல் கண்டார்கள். ரத்தம் உண்டாகும் சிவப்பு மஜ்ஜை இருக்கும் இடங்களான முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி ஆகியவற்றில் இந்தப் பரவல் அதிகம், முழங்காலுக்குக் கீழே அபூர்வம். உங்கள் அம்மாவின் ஸ்கேனில் சொல்லியிருக்கும் மூன்று இடங்களும் அப்படியே இதில் பொருந்துகின்றன, பாருங்கள்.

அதோடு, எலும்பு கட்டப்படும்போது அதற்குள் வளர்ச்சிக் காரணிகள் பல புதைத்து வைக்கப்படுகின்றன. டிஜிஎஃப்-பீட்டா அவற்றில் முக்கியமானது. இங்கேதான் உங்கள் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. புற்றுநோய் செல்லுக்குத் தாதுவைக் கரைக்கிற திறமை சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அது செய்வதெல்லாம் பிடிஎச்ஆர்பி என்ற ஒரு பொருளைச் சுரப்பதுதான். ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் அந்தப் பொருள், கட்டும் செல்களிடம் போய் ரேங்க்-எல்லை நிறையச் சுரக்க வைக்கிறது. ரேங்க்-எல் கூடியதும் கரைக்கும் செல்கள் கும்பலாகக் கிளம்புகின்றன. எலும்பு கரைகிறது. கரையும்போது உள்ளே புதைந்திருந்த டிஜிஎஃப்-பீட்டா விடுபட்டு, பக்கத்தில் இருக்கும் புற்றுநோய் செல்லைத் தூண்டுகிறது. அது இன்னும் அதிகமாகப் பிடிஎச்ஆர்பியைச் சுரக்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றி, எலும்பு கரையக் கரையக் கட்டி வளர்கிறது, கட்டி வளர வளர எலும்பு கரைகிறது.

ஆக, அம்மாவின் எலும்பை அரிப்பது அம்மாவுடைய சொந்த ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். புற்றுநோய் செல் அவற்றிடம் வேலை வாங்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் எலும்புக்கு என்று தனியாக ஓர் ஊசி. கேன்சருக்கு அம்மா சாப்பிடப்போகும் மருந்து கட்டியைப் பிடிக்கும். இந்த ஊசி அந்தச் சுற்றை இன்னொரு பக்கத்திலிருந்து அறுக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கிடையாது, இரண்டும் சேர்ந்துதான்.

பெரியப்பா விஷயமும் இதே கதையின் மறுபக்கம். ப்ராஸ்டேட் புற்றுநோய் செல் கரைக்கும் செல்லைவிடக் கட்டும் செல்லைத்தான் அதிகம் தூண்டுகிறது. எண்டோதீலின்-1, எலும்பு வளர்க்கும் பிஎம்பி புரதங்கள் என்று அதற்குத் தனிச் சரக்கு. அதனால் எக்ஸ்ரேயிலும் சிடியிலும் எலும்பு வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். கெட்டி என்றதும் பலம் என்று நினைத்துவிட வேண்டாம். அவசரத்தில் ஒழுங்கில்லாமல் கட்டிய எலும்பு அது, அதுவும் முறியும், வலிக்கும். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் அரிப்பு, சிலருக்கு இரண்டும் கலந்து வரும்.

ஊசிக்கு வருவோம். பொதுவாக இரண்டில் ஒன்று போடுவார்கள். ஜொலிட்ரானிக் ஆசிட் 4 மில்லிகிராமைச் சலைனில் கலந்து குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவார்கள். அது நேராகப் போய் எலும்புத் தாதுவில் ஒட்டிக்கொள்ளும். அந்த எலும்பைக் கரைக்க வரும் ஆஸ்டியோகிளாஸ்ட் அதையும் சேர்த்து விழுங்கி, வேலை செய்ய முடியாமல் செத்துப்போகும். இன்னொன்று டெனோசுமாப், தோலுக்கடியில் 120 மில்லிகிராம், நாலு வாரத்துக்கு ஒருமுறை. இது ரேங்க்-எல்லையே பிடித்து அடைக்கும் எதிர்ப்புப் புரதம். ஆஸ்டியோபுரோடிஜெரின் இயற்கையில் செய்வதை மருந்தாகச் செய்கிறது. அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்றது. எது நல்லது என்று கேட்டால், எலும்புச் சிக்கல்களைத் தள்ளிப்போடுவதில் டெனோசுமாப் கொஞ்சம் முந்தி நிற்கிறது. ஜொலிட்ரானிக் விலை மிகவும் குறைவு. அதோடு, டெனோசுமாபைப் பாதியில் நிறுத்தினால் அடங்கியிருந்த கரைக்கும் செல்கள் ஒரே மூச்சாகக் கிளம்பும், முதுகெலும்பு நொறுங்கியவர்களும் உண்டு. மாதாமாதம் தவறாமல் வந்து போட முடியாத குடும்பத்துக்கு நான் ஜொலிட்ரானிக்கைத்தான் சொல்வேன். அதை 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் மாதாமாதம் போடுவதற்குக் குறைவில்லை என்று 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. காங்கேயத்திலிருந்து வந்து போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

முதல் ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல், உடம்பு வலி வரலாம். பாராசிட்டமால் போதும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஜொலிட்ரானிக் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யக்கூடும். அதனால் ஒவ்வொரு தரமும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், அம்மா தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டுப் போக வேண்டும். மெடிக்கலில் பேர் சொல்லி வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகளும் அதே சிறுநீரகத்தைத்தான் தாக்கும். நாலு மாதமாக அம்மா என்ன மாத்திரை விழுங்கினார் என்பதை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த ஊசி ஆயுளைக் கூட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முறிவு, தண்டுவடம் நசுங்குவது, வலி இவை கணிசமாகக் குறையும். அந்த வயதில் நடமாட்டம் இருப்பதும் இல்லாமல் போவதும் எத்தனை பெரிய வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும்.

பல் டாக்டர் எதற்கு? தாடை எலும்பு மற்ற எலும்புகளைவிட வேகமாகப் புதுப்பித்துக்கொள்வது. பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆற, கரைக்கும் செல்லும் வேண்டும், கட்டும் செல்லும் வேண்டும். ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் சிலருக்கு அந்த இடம் ஆறாமல், தாடை எலும்பு வெளியே தெரிந்து அழுகிவிடும். 2003இல்தான் இந்தத் தொல்லை முதலில் பதிவானது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் சிரமம். எனவே ஆடும் பல், சொத்தைப் பல், வேர் மட்டும் மிச்சமிருக்கும் பல் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து, ஈறு ஆறிய பிறகு ஊசியை ஆரம்பிப்பார்கள். அம்மா வெற்றிலை பாக்கு போடுகிறவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். ஈறு கெடுவதே பாதிச் சிக்கலுக்குக் காரணம். எத்தனை மாதம் கழித்துப் பல்லுக்குப் போனாலும் "எனக்கு எலும்பு ஊசி போடுகிறார்கள்" என்று அங்கே முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

கால்சியம் கேன்சருக்குத் தீனி இல்லை. கரைப்பதைத் திடீரென்று நிறுத்தும்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். உதடும் விரல் நுனியும் மதமதப்பது, தசை பிடித்து இழுப்பது இதனால்தான். ஆகவே ஊசியோடு தினமும் 500 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் சேர்த்துத் தருவது வழக்கம். வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊசி. ஆனால் நீங்களாகவே இன்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எலும்பு வேகமாகக் கரைகிறவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏற்கனவே ஏறியிருக்கலாம். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், கடுமையான மலச்சிக்கல், வாந்தி, ஒரு மாதிரி குழம்பிப் பேசுவது இவை இருந்தால் அதுவும் அவசரம்தான். ரத்தப் பரிசோதனை ஒன்று முடியட்டும்.

சாப்பாட்டில் ராகிக்களி, மோர், கீரை, கொள்ளுப் பருப்பு எல்லாம் சாப்பிடட்டும். ஆட்டுக்கால் சூப்பை எலும்புக்கு எலும்பு என்று கொடுப்பார்கள். ருசிக்காகக் குடிக்கலாம், அதில் கால்சியம் பெரிதாக இல்லை. ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போடுவதை யாரும் தடுக்கவில்லை. மஞ்சள் சத்து என்று கேப்சூலில் விற்கிறார்களே, அது வேண்டாம். கல்லீரல் கெட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். எலும்புப் பரவலை அது அடக்குகிறது என்று மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவும் இல்லை.

கேன்சர் சிகிச்சை பற்றி உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் இரண்டு விஷயம் கேட்கச் சொல்வேன். ஒன்று, எலும்பிலிருந்து ஊசி போட்டு பயாப்சி எடுக்கலாமா என்பது. எலும்பில் இருப்பது அதே மார்பகப் புற்றுநோய்தான், சிகிச்சையும் அதற்கானதுதான். ஆனால் ஆறு வருடத்தில் அதன் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2 என்ற புரதமும் சிலருக்கு மாறிவிடுகின்றன, மாறினால் மருந்தும் மாறும். எலும்புத் துண்டை மிருதுவாக்கக் கடும் அமிலத்தில் ஊறவைத்தால் இந்தப் பரிசோதனைகள் பொய்த்துவிடலாம். மார்பகப் புற்றுநோய்க்காக ஏற்பி பார்க்க வேண்டிய துண்டு என்று லேபுக்குச் சீட்டில் எழுதிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது, இன்னமும் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால் உடனே கீமோ தேவையா என்பது. ஹார்மோன் மருந்தோடு பால்போசிக்லிப், ரிபோசிக்லிப் வகை மாத்திரையைச் சேர்த்து ஆரம்பிப்பதுதான் இப்போது பெரும்பாலும் முதல் வழி. முழுக்கக் குணமாகிவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். எலும்பில் மட்டும் இருந்து, மருந்துக்கும் அடங்கினால், வருடக்கணக்கில் நடமாட்டத்தோடு இருக்கிறவர்கள் நிறையப் பேர். காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எதெது அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுண்டரில் முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வலிக்கு என் பிரிவில் செய்வதைச் சொல்கிறேன். வலிக்கிற எலும்புக்கு ஒரே தரம் 8 கிரே அளவு கதிரியக்கம் கொடுத்தால் பத்தில் ஆறு பேருக்காவது வலி குறைகிறது. பத்து நாள் தொடர்ந்து கொடுத்தாலும் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே தரத்தில் முடித்தவர்களில் சிலருக்குப் பின்னால் இன்னொரு தரம் கொடுக்க வேண்டி வரும், அவ்வளவுதான். தினமும் அவ்வளவு தூரம் வண்டி பிடித்து வருவதற்கு முன் "ஒரே தரத்தில் முடிக்கலாமா" என்று கேட்டுப் பாருங்கள். தண்டுவடம் நசுங்கியிருந்தாலோ, தொடையில் கம்பி வைத்த பிறகு கொடுப்பதாக இருந்தாலோ கணக்கு மாறும். கொடுத்த முதல் சில நாளில் வலி கொஞ்சம் கூடலாம். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதுவரை மார்ஃபின் மாத்திரை எழுதினால் பயப்படாமல் கொடுங்கள். இந்த வலிக்கு அளவோடு கொடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து சேர்த்தே எழுதுவார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் இது சகஜம்; "சொன்னா ஒடிஞ்சு போயிருவாங்க" என்று பிள்ளைகள் என் அறைக்கு வெளியே கெஞ்சுவதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. கால் மரத்தால் உடனே சொல்ல வேண்டியவர் அவர்தான். தாகம் எடுத்தால், பல் ஆடினால், வலது காலை ஊன்றாமல் இருக்க வேண்டும் என்றால், காரணம் தெரியாமல் அவர் எப்படிச் செய்வார்? சுளுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர் நாலாம் நாள் தட்டுக்கட்டைத் தூக்கத்தான் போகிறார். ஆறு வருடத்துக்கு முன் ஆபரேஷனும் கீமோவும் தாங்கியவர் அவர். "பழைய நோய் எலும்பில் கொஞ்சம் வந்திருக்கும்மா, அதற்கு மருந்து இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொன்னால் போதும். நீங்களே சொல்ல முடியாது என்றால் டாக்டரைச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் இருங்கள்.

வீட்டில் சில மாற்றங்கள்: வெஸ்டர்ன் கழிப்பறை இல்லையென்றால் அதற்கு ஒரு நாற்காலி ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். கட்டுத்தறியில் சாணியும் கோமியமும் வழுக்கும், அங்கே அவர் போக வேண்டாம். தண்ணீர்க் குடம், தீவன மூட்டை, குனிந்து திரும்பிப் பால் கறப்பது இப்போதைக்கு வேறு யாராவது பார்க்கட்டும். அதற்காகப் படுக்கையிலேயே போட்டுவிடாதீர்கள். பாரம் விழாத எலும்பை ஆஸ்டியோசைட்டுகள் வேண்டாத எலும்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கரைக்கச் சொல்லும். தொடைக்கு ஆர்த்தோ டாக்டர் அனுமதி கொடுத்ததும் வீட்டைச் சுற்றி, வாக்கரோடு, தினமும் நடக்கட்டும்.

இன்னும் ஒன்று, மூன்று மாதம் கழித்துத் தேவைப்படும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். எலும்பு ஸ்கேனில் கறுப்பாகத் தெரிவது கேன்சர் அல்ல, எலும்பு கட்டப்படும் இடம். மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் அரித்த குழிகளில் கட்டும் செல்கள் மும்முரமாக இறங்கும். அப்போது ஸ்கேன் எடுத்தால் பழைய இடங்கள் முன்பைவிடக் கறுப்பாகத் தெரியும், முன்பு தெரியாத இடங்கள்கூடப் புதிதாகத் தெரியலாம். ரிப்போர்ட்டில் 'அதிகரித்திருக்கிறது' என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, வலி குறைந்து நன்றாக நடந்துகொண்டிருக்கும் அம்மாவின் மருந்தை நிறுத்திவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். வலி எப்படி இருக்கிறது, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, சிடியில் அந்த இடம் ஆறிக் கெட்டியாகிறதா என்று சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து, இரண்டு ஃபிலிமையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இன்றைய ஸ்கேன் ஃபிலிமையும் சிடியையும் பத்திரமாக வைத்திருங்கள்.